பிரிஸ்பேனிலிருந்து ஹோபார்ட்டுக்குக் குடும்பத்தோடு மாறுகிறோம்: குளிருக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

வெயில்பிரியை எழுதியது:

வணக்கம். ஏழு வருடமாக பிரிஸ்பேனில் இருக்கிறோம். கணவருக்கு ஹோபார்ட்டில் வேலை கிடைத்து, ஜூலை நடுவில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அதாவது டாஸ்மேனியாவின் நட்டநடுக் குளிர்காலத்தில் போய் இறங்கப் போகிறோம்.

வீட்டில் ஐந்து பேர். பெரியவள் நான்காம் வகுப்பு. சின்னவனுக்கு இந்த மார்ச்சில்தான் ஐந்து முடிந்தது, பிரெப்பில் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வருடம்) சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாமியார் விசிட்டர் விசாவில் எங்களோடு இருக்கிறார். 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொள்பவர். நான் வீட்டிலிருந்தே பிரிஸ்பேன் ஆபீசுக்கு வேலை செய்கிறேன், அதைத் தொடரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆளுக்கு எத்தனை ஸ்வெட்டர், எத்தனை தெர்மல் வாங்கலாம்? பனி கொட்டுமா? எந்த ஹீட்டர் நல்லது? காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறோம், அதில் தொட்டியோடு ஒரு கறிவேப்பிலைச் செடியும் ஏறும். ஏழு வருடம் வளர்த்த செடி, விட்டுவிட்டு வர மனசில்லை. குடும்பத்தோடு போய்ப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


டெர்வென்ட்கரை எழுதியது:

வெயில்பிரியை, முதலில் அந்த ஸ்வெட்டர் கணக்கை விடுங்கள். நாங்களும் உங்கள் மாநிலத்துக்காரர்கள்தான். 2016-இல் டவுன்ஸ்வில்லிலிருந்து வந்தோம். ஆளுக்கு நான்கு ஸ்வெட்டர், கையுறை, குரங்குக் குல்லா என்று இரண்டு பெட்டி நிறைய வாங்கி வந்தோம். எல்லாமே வெளியே போட்டுக்கொள்ள. ஆனால் எங்களைக் குளிரடித்தது வீட்டுக்குள்.

ஹோபார்ட்டில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 12 டிகிரி, இரவில் 4, 5. நகரத்துக்குள் பனி விழுவது அபூர்வம். 1271 மீட்டர் மலை ஒன்று ஊரின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது, குனான்யி என்றும் மவுண்ட் வெலிங்டன் என்றும் சொல்வார்கள். பனி அங்கேதான் விழும். மேலே போகும் சாலையை அடைத்துவிடுவார்கள், திறந்ததும் பிள்ளைகளோடு எல்லோரும் ஓடுவார்கள். இதெல்லாம் பிரச்சினையே இல்லை. வெளியே 8 டிகிரியில் நடந்தால் உடம்பு சூடாகிவிடும். 11 டிகிரி வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் விரல் மரத்துப் போகும்.

நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். ஜனவரியில் வந்து வீடு பார்த்தோம். மலையடிவாரம், பலகை வீடு, ஹாலில் நின்றால் ஆறு முழுக்கத் தெரியும். அந்தக் காட்சியில் மயங்கிக் கையெழுத்துப் போட்டோம். ஜூன் வந்தது. மத்தியானம் இரண்டரைக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், அப்புறம் வீடு முழுக்க ஒரு சாம்பல் வெளிச்சம். ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் அறையில் வெப்பமானியைப் பார்த்தேன், 9 டிகிரி. ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி, தினமும் காலையில் உள்பக்கம் தண்ணீர் வழிந்து நிற்கும். துண்டால் துடைத்துப் பிழிந்தால் அரை டம்ளர் தேறும். ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்காகப் பட்டுப்புடவை எடுக்க அலமாரியைத் திறந்தேன். வெளிச்சுவரை ஒட்டியிருந்த அலமாரி. அரக்கு நிறப் புடவையின் மடிப்பு முழுக்க மிளகைத் தூவியதுபோல் பூஞ்சைப் புள்ளி. அன்றைக்கு அழுதேன், உண்மையாகவே.

ஆகவே வீடு பார்க்கும்போது முதல் கேள்வி: ஹாலின் பெரிய ஜன்னல் வடக்கே பார்த்திருக்கிறதா? இது தென்கோளம். ஜூன் 21 அன்று நண்பகலில்கூட சூரியன் வடக்கில் 24 டிகிரி உயரம்தான் ஏறும். அடிவானத்திலிருந்து கையை நீட்டி ஒரு சாணும் கொஞ்சமும் அளந்தால் அவ்வளவுதான். தெற்கு அறைக்கு மூன்று மாதம் வெயிலே கிடையாது. வடக்கில் ஒரு பைன் மரமோ மாடி வீடோ இருந்தாலும் போச்சு. உங்கள் மாமியார் வாஸ்து பார்ப்பவராக இருந்தால் கிழக்கு வாசல் கேட்பார். நீங்கள் வடக்கு ஜன்னல் கேளுங்கள், வாசலைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

ஊரில் டெர்வென்ட் ஆற்றுக்கு இரண்டு கரை. மேற்குக் கரையில்தான் நகரம், மலை, மலை நிழல். கிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன், பெல்லரீவ், ஹவுரா பக்கமெல்லாம் மாலை வெயில் நீண்ட நேரம் இருக்கும். நாங்கள் இரண்டாம் வருடமே கரை மாறிவிட்டோம், என் பெயரைப் பார்த்தாலே தெரியும்! ஆனால் கிழக்கிலும் காற்று உண்டு. சில குளிர்காலக் காலைகளில் பிரிட்ஜ்வாட்டர் பக்கமிருந்து ஆற்றின் மேலேயே வெள்ளைப் பாம்புபோல் மூடுபனி ஊர்ந்து வரும். ஊர்க்காரர்கள் அதற்கு பிரிட்ஜ்வாட்டர் ஜெர்ரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு, அது வந்துவிட்டால் ஊசி குத்துவதுபோல் குளிரும்.

ஜூலையில் வருவதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஜனவரியில் எல்லா வீடும் நல்ல வீடுதான். ஜூலையில் வீடு தன் குறையை மறைக்க முடியாது.

அடுத்தது ஹீட்டர். நீங்கள் ஸ்பிளிட் ஏசி என்று சொல்வதை இங்கே எல்லோரும் ஹீட் பம்ப் என்பார்கள். வாடகை வீட்டின் ஹாலில் பொருத்தப்பட்ட ஹீட்டர் ஒன்று இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், அது விறகு அடுப்பாகவும் இருக்கலாம். கடையில் விற்கும் ஆயில் ஹீட்டரை நான்கு அறைக்கு நான்காக வாங்காதீர்கள். மின்கட்டணத்தில் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. விளக்கு, பிளக் எல்லாம் டாரிஃப் 31. நேரடியாக வயர் இழுத்துப் பொருத்திய ஹீட்டரும் வெந்நீர்த் தொட்டியும் டாரிஃப் 41, அது மலிவு. பிளக்கில் செருகும் ஹீட்டர் எவ்வளவு சின்னதானாலும் 31-இல்தான் ஓடும். முதல் வருடம் மூன்று மாத பில் வந்தபோதுதான் எங்களுக்கு இது உறைத்தது. டாரிஃப் 93 என்று நேரத்தைப் பொறுத்த திட்டமும் உண்டு. வார நாட்களில் காலை 7 முதல் 10 வரை, மாலை 4 முதல் 9 வரை விலை அதிகம். நீங்கள் பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் என்பதால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் நம் வீட்டில் சமையல், குளியல், ஹீட்டர் எல்லாம் அந்த நேரத்தில்தானே? எனக்கு ஒத்து வரவில்லை.

ஈரம்தான் குளிரைவிடப் பெரிய எதிரி. நாம் குக்கர் வைக்கிறோம், ரசம் கொதிக்க விடுகிறோம், இட்லி அவிக்கிறோம். மூன்று விசில் வந்தால் சமையலறை ஜன்னல் வெள்ளையாகிவிடும். புகைபோக்கி மின்விசிறியைப் போடுங்கள், அது வெளியே ஊதுகிறதா அல்லது சும்மா சுற்றுகிறதா என்று வீடு பார்க்கும்போதே கேளுங்கள். துணியை வீட்டுக்குள் உலர்த்தாதீர்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் மத்தியானம் பத்து நிமிடம் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள்.

இட்லி மாவு. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் வந்த மூன்றாம் நாளே இதுதான் பிரச்சினையாகும். சமையலறை மேடையில் வைத்த மாவு இரண்டு நாள் ஆனாலும் அசையாது. ஓவனில் விளக்கை மட்டும் எரியவிட்டு வைத்துப் பார்த்தேன், ஓரளவு பொங்கியது. பிறகுதான் வெந்நீர் சிலிண்டர் இருக்கும் அலமாரி கண்ணில் பட்டது. பழைய வீடுகளில் உள்ளேயே இருக்கும், கதவைத் திறந்தால் சுகமான சூடு. மேல் தட்டில் துண்டுகளை அடுக்கி வைப்பார்கள். அங்கே மாவுப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, கீழ்த்தட்டில் இருந்த ஆறு துண்டிலும் மாவு. அதிலிருந்து பாதிப் பாத்திரம்தான். தேங்காய் எண்ணெய் எட்டு மாதம் கல்லாக இருக்கும், அதைக் குறுகிய வாய் பாட்டிலிலிருந்து அகல வாய் ஜாடிக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் கறிவேப்பிலைச் செடி. கொண்டு வராதீர்கள். கொண்டு வர விடவும் மாட்டார்கள். செடி, பழம், பச்சைக் காய்கறி எதையும் சான்றிதழ் இல்லாமல் டாஸ்மேனியாவுக்குள் எடுத்து வர முடியாது. பழ ஈ இல்லாத தீவு இது. 2018 ஜனவரியில் வடபகுதியில் அந்த ஈ கண்டுபிடிக்கப்பட்டு, ஒழித்துக்கட்ட ஒரு வருடம் பாடுபட்டார்கள். ஈயின் பெயரே குவீன்ஸ்லாந்து பழ ஈ, ஆகவே உங்கள் கார் நம்பர் பலகையைப் பார்த்ததும் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காரில் பின்சீட்டுப் பையில் மறந்துபோன இரண்டு எலுமிச்சை, ஒரு விரல் இஞ்சி கிடைத்தது. எங்கள் தப்புதான். காரைக் கப்பலில் ஏற்றும் முன் சீட்டுக்கு அடியில் எல்லாம் தடவிப் பாருங்கள். செடியை நம்பகமான யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள். இங்கேயே கிடைத்த கன்று ஒன்று என் வடக்கு ஜன்னலோரம் இருக்கிறது. ஜூனில் இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நிற்கும், செத்துவிட்டது என்று நினைப்போம், நவம்பரில் துளிர்க்கும்.


டேமார்வாசி எழுதியது:

நான் லான்செஸ்டனில் இருக்கிறேன், வடக்கே. ஹோபார்ட்காரர்கள் குளிர் பற்றிப் பேசும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் பள்ளத்தாக்கில் ஜூலைக் காலை கார் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டாமல் கிளம்ப முடியாது. (வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். பழைய பிளாஸ்டிக் அட்டை போதும்.) விறகு அடுப்புப் புகை பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும். 2001 வாக்கில் அடுப்பை மாற்ற மானியம் கொடுத்த பிறகு நிறையக் குறைந்தது, ஆனாலும் காற்றில்லாத இரவில் இன்னும் மணக்கும். பிள்ளைக்கு வீசிங் இருந்தால் இதை யோசியுங்கள். விறகு அடுப்புள்ள வீடு கிடைத்தால் விறகைக் கோடையிலேயே வாங்கிக் காய வையுங்கள். ஜூனில் அவசரத்துக்கு வாங்கும் விறகு பச்சையாக இருக்கும், புகையும் வரும், சூடும் வராது.

கப்பல் விஷயம். 2022 அக்டோபரிலிருந்து ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா மெல்பர்னிலிருந்து கிளம்புவதில்லை, ஜீலாங்கிலிருந்து. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு போர்ட் மெல்பர்னில் போய் நிற்காதீர்கள். வயதானவர் இருப்பதால் சாய்வு நாற்காலியில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், கேபின் எடுங்கள். பாஸ் நீரிணை கோபம் வந்தால் ஆளைப் புரட்டி எடுக்கும். வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை.

டெவன்போர்ட்டில் இறங்கும்போது விடிந்திருக்காது. அங்கிருந்து ஹோபார்ட் கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். உடனே கிளம்பாதீர்கள், டீ குடித்து வெளிச்சம் வரும்வரை உட்காருங்கள். இரண்டு காரணம். ஒன்று, மிட்லாண்ட் நெடுஞ்சாலையின் மேட்டுப் பகுதிகளில் கண்ணுக்குத் தெரியாத கருப்பு ஐஸ். பாலத்து மேலும் மர நிழலிலும் இருக்கும், பிரிஸ்பேனில் ஓட்டியவர்களுக்கு இது புதுசு. வழுக்கினால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இரண்டு, மிருகங்கள். வாலபி, பேடிமெலன் என்ற சின்னக் கங்காரு வகைகள், குட்டையாகக் கனமாக இருக்கும் வோம்பாட் எல்லாம் அந்தி, இரவு, விடியற்காலையில்தான் சாலைக்கு வரும். வோம்பாட் மேல் மோதுவது பாறாங்கல் மேல் மோதுவது மாதிரி. நான் ஒரு ரேடியேட்டரை அப்படித்தான் இழந்தேன்.


தீவகத்தான் எழுதியது:

ஒரு தீவில் பிறந்து இன்னொரு தீவில் வந்து நிற்கிறவன் நான். யாழ்ப்பாணத்துத் தீவகத்திலிருந்து கொழும்பு, சிட்னி, இப்போது கிங்ஸ்டன். ஹோபார்ட்டுக்குத் தெற்கே, பதினைந்து நிமிட ஓட்டம். வீட்டைப் பற்றி அக்கா வடிவாகச் சொல்லிவிட்டார். நான் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் சின்னவன் விஷயத்தில் கெதியாகப் பள்ளிக்கூடத்தோடு கதையுங்கள். குவீன்ஸ்லாந்தில் ஜூன் 30-க்குள் ஐந்து முடிந்தால் அந்த வருடம் பிரெப். இங்கே கணக்கு ஜனவரி 1. அன்றைக்கு ஐந்து முடிந்திருந்தால்தான் பிரெப், நான்கு முடிந்திருந்தால் கிண்டர். மார்ச்சில் பிறந்த பிள்ளை இங்கத்தைய கணக்கில் இந்த வருடம் கிண்டர்தான். கிண்டர் என்றால் வாரத்துக்கு 15 மணி நேரம் மட்டுமே. நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்பவர், மிச்ச நேரத்துக்குப் பிள்ளையை யார் பார்ப்பது என்று இப்பவே யோசிக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே சேர்ந்து படிக்கிற பிள்ளை என்பதை எழுத்தில் காட்டுங்கள். பிரெப் ஆசிரியரின் கடிதம், ரிப்போர்ட், எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். என் மகளுக்கு இப்படி ஒரு குழப்பம் வந்து, முடிவாவதற்குள் மூன்று கிழமை அவள் வீட்டில் இருந்தாள். நாங்கள் கடைசி நேரத்தில் கேட்டதால் வந்த வினை. ஒரு வருடம் பின்தங்கினால் என்ன என்று எனக்குப் பிறகு தோன்றியது. வகுப்பில் மூத்தவளாக இருப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை நாங்கள் தீர்மானித்திருக்க வேண்டும், தானாக நடந்திருக்கக் கூடாது.

பெரியவளுக்குப் பிரச்சினை இல்லை. ஆறு வரை பிரைமரி, ஏழிலிருந்து ஹைஸ்கூல். பதினொன்று, பன்னிரண்டுக்குப் பெரும்பாலான அரசுப் பிள்ளைகள் காலேஜ் என்று தனியிடத்துக்குப் போவார்கள். இங்கே காலேஜ் என்றால் பல்கலைக்கழகம் இல்லை, குழம்ப வேண்டாம்.

வாகனப் பதிவை மூன்று மாதத்துக்குள் டாஸ்மேனியாவுக்கு மாற்ற வேண்டும், அதற்கு முதல் வாகனத்தைப் பரிசோதிக்க வேண்டும். தேய்ந்த டயரோடு வராதீர்கள். சர்வீஸ் டாஸ்மேனியா என்ற ஒரே கவுன்டரில் லைசென்ஸ், பதிவு எல்லாம் முடியும், அது ஒரு நிம்மதி. பயணிகள் ரயில் 1978-லேயே நின்றுவிட்டது. பஸ் இருக்கிறது, ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு கார் காணாது என்று ஆறு மாதத்தில் விளங்கும்.

டொக்டர் கிடைப்பது கஷ்டம். கன கிளினிக்குகள் புது ஆட்களை எடுப்பதில்லை. இப்பவே அழைத்துப் பெயரைப் பதியுங்கள். மாமிக்குப் பிரஷர், சுகர் மாத்திரை இருந்தால் மூன்று மாதத்துக்கான சீட்டை பிரிஸ்பேன் டொக்டரிடமே எழுதி வாங்குங்கள். உங்களுக்கு அங்கே போல இங்கேயும் ஆம்புலன்சுக்குக் காசில்லை, ஆனால் மாமி விசிட்டர் என்றபடியால் அவவின் காப்புறுதியில் ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தோட்டத்தில் துள்ளித் துள்ளி நடக்கும் கறுப்பு எறும்பு, மஞ்சள் கால், மஞ்சள் தாடை. ஜாக் ஜம்பர். கொட்டினால் சிலருக்கு உடம்பு முழுக்க ஒவ்வாமை வந்து மூச்சே அடைக்கும். ராயல் ஹோபார்ட் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு சிகிச்சைத் திட்டம் நடக்கிற அளவுக்கு இது இங்கத்தைய விஷயம். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் புல்லில் விடாதீர்கள். பிரிஸ்பேன் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இருக்கும்.


வெயில்பிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்வெட்டர் கேட்டு வந்தேன், இப்போது கையில் வேறு நோட்டு நிறைந்துவிட்டது. பள்ளிக்கு இன்று காலை போன் செய்தேன், ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னார்கள். செடியைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கொடுப்பதாக முடிவு. மாமியார் ஒரு பிடி உருவி நிழலில் காய வைத்துக்கொண்டிருக்கிறார்.

கணவர் ஒரு வாரம் முன்னதாகப் பறந்து போய் வீடு பார்க்கிறார். இரண்டு வீடு கைவசம். ஒன்று சவுத் ஹோபார்ட், புது சமையலறை, வேலைக்கு நடந்தே போகலாம். இன்னொன்று லிண்டிஸ்ஃபார்ன், பழைய செங்கல் வீடு, தரைவிரிப்பு நிறம் மங்கியது, ஹீட் பம்ப் பழசு. எனக்குப் புது சமையலறை மேல்தான் கண். டெர்வென்ட்கரை அக்கா, உள்ளே போனதும் எதைப் பார்க்கச் சொல்லட்டும்? அப்புறம் மாமியாரைப் பற்றித்தான் கவலை. நாள் முழுக்க வீட்டில் இருப்பவர்.


டெர்வென்ட்கரை எழுதியது:

காலையில் ஏஜென்ட் காட்டும் நேரத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதே நாள் மத்தியானம் மூன்று மணிக்குத் தெருவில் நின்று இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். சவுத் ஹோபார்ட்டில் தெருவுக்குத் தெரு மாறும். சில தெருவில் மூன்று மணிக்கும் வெயில் இருக்கும், சில தெருவில் காலையில் விழுந்த உறைபனியே கரைந்திருக்காது. போனில் திசைகாட்டி இருக்கிறது, ஹால் ஜன்னலில் வைத்துப் பார்க்கட்டும்.

உள்ளே போனதும் துணி அலமாரியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். வெட்கப்பட வேண்டாம். பாத்ரூம் கூரையில் மட்டும் புது பெயின்ட் இருந்தால் எதையோ மூடியிருக்கிறார்கள். படுக்கையறைத் திரைச்சீலை தரை வரை வருகிறதா, மேலே இடைவெளி இல்லாமல் இருக்கிறதா? ஹீட் பம்ப்பை ஓடவிட்டுப் பத்து நிமிடத்தில் சூடு வருகிறதா? பழசு என்பது குற்றமில்லை, வடிகட்டியைக் கழுவினாலே பாதி சரியாகும். எடுக்கும் வீட்டில் ஏற்கெனவே பூஞ்சை இருந்தால் குடிபோகும்போது வீட்டின் நிலையைப் பதியும் கண்டிஷன் ரிப்போர்ட்டில் படத்தோடு எழுதிவிடுங்கள். பாண்ட் என்கிற முன்பணம் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அது ரென்டல் டெபாசிட் அத்தாரிட்டியிடம்தான் இருக்கும்.

லிண்டிஸ்ஃபார்ன் என்றால் தினமும் டாஸ்மன் பாலத்தைத் தாண்ட வேண்டும். 1975 ஜனவரியில் ஒரு கப்பல் மோதிப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து 12 பேர் இறந்தார்கள். அதனால் இன்றைக்கும் பெரிய கப்பல் கீழே போகும்போது மேலே கார்களை நிறுத்திவிடுவார்கள். காலை நெரிசலும் சேர்ந்தால் ஒரு பாட்டு முழுக்கக் கேட்கலாம். பெல்லரீவிலிருந்து நகரத்துக்குப் படகும் ஓடுகிறது, என் கணவர் அதில்தான் போகிறார்.

மாமியாரைப் பற்றி நீங்கள் கேட்டது நல்லது. குளிரைக்கூட அவர் பழகிவிடுவார். என் அத்தையை வாட்டியது இருட்டு. ஜூன் கடைசியில் 7:40 தாண்டித்தான் விடியும், மாலை 4:45-க்குள் சூரியன் போய்விடும். முதல் வருடம் அவர் ஐந்து மணிக்கே விளக்கேற்றிவிட்டு, இனி என்ன என்று கட்டிலில் போய் உட்கார்ந்துவிடுவார். டிசம்பரில் நேர்மாறு, 8:50 வரை வெளிச்சம். சாப்பிட்டு முடித்துவிட்டு, 'விளக்கு எப்போதடி ஏற்றுவது?' என்று கேட்பார். பிறகு நாங்களே கடிகாரப்படி ஆறு மணி என்று வைத்துக்கொண்டோம். தினமும் பதினொன்றரை மணிக்கு, வெயில் இருக்கும்போது, அவரை வெளியே நடக்கக் கூட்டிப் போனேன். வாரத்தில் இரண்டு நாள் நூலகம், சூடான இடம், காசில்லை. டாக்டரிடம் வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். கம்பளிப் போர்வையை மேலே போடுவதைவிடப் படுக்கைக்குக் கீழே விரிக்கும் கம்பளி அண்டர்லே வாங்குங்கள், முதுகு சூடானால் தூக்கம் வரும். ஸ்வெட்டர் கேட்டீர்களே, மெல்லிய மெரினோ தெர்மல் ஆளுக்கு இரண்டு, ஒரு பஃபர் ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டை இங்கே டாஸ்மேனியன் டக்ஸிடோ என்று கேலி செய்வார்கள், கல்யாணத்துக்கே போட்டுக்கொண்டு வருவார்கள். பெட்டி நிறைய வேண்டாம்.

இன்னொன்று, கோடை நேரத்தில் பிரிஸ்பேன் உங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை உங்கள் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நிதானமாக உட்காரலாம். ஆனால் அங்கே ஐந்தரை மீட்டிங் என்றால் இங்கே ஆறரை, குழம்பு கொதிக்கும் நேரம்.


வெயில்பிரியை எழுதியது:

அக்கா, மூன்று மணிக்கு இரண்டு வீட்டிலிருந்தும் படம் அனுப்பினார். சவுத் ஹோபார்ட் வீட்டுப் புது சமையலறையில் பகலிலேயே லைட் போட்டிருந்தது. லிண்டிஸ்ஃபார்ன் ஹாலில் அந்த மங்கிய தரைவிரிப்பு மேல் வெயில் சதுரமாக விழுந்திருந்தது, அதில் அவர் ஷூ நிழல். அது எப்படி நிறம் மங்கியது என்று அப்போதுதான் புரிந்தது! வெந்நீர் சிலிண்டர் அலமாரியும் உள்ளேயே இருக்கிறதாம். விண்ணப்பம் போட்டு, நேற்று கிடைத்துவிட்டது.

ஒரே சிக்கல். ஹால் பின்பக்கம் வடக்கே பார்த்திருப்பதால் தெருவாசல் சரியாகத் தெற்கு. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.